நோவோடு நூறு நாள்: நாராயண பட்டத்திரியின் திருத்தொண்டு

தைப்பூச நன்னாளில் பினாங்குத் தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் அடிவாரத்தில் சற்று நேரம் நிற்பவர்க்கு இரு வகையான அடியார்கள் கண்ணில் படுவர். காவடியும் பால்குடமும் ஏந்தி ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை விரைந்து ஏறுகின்ற இளையோர் ஒரு வகை. முழங்காலைப் பற்றியபடி பத்துப் படிக்கு ஒரு முறை நின்று, மூச்சு வாங்கி, வேலவன் திருப்பெயரைச் சொல்லி மீண்டும் ஏறுகின்ற முதியோர் மற்றொரு வகை. நோய் தீர்ந்தமைக்கு நன்றியாகச் செலுத்தப்படும் நேர்த்திக்கடன்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் நோய் தீராமலே, நேற்று வலித்தது போலவே இன்றும் வலிக்கும் என்று அறிந்தே வந்து நிற்கின்ற அடியார்களும் அக்கூட்டத்தில் உண்டு. அவர்களுடைய பக்தியைப் பலரும் கவனிப்பதில்லை.

அத்தகைய அடியார்களுக்கு முன்னோடியாக விளங்குபவர், 16-ஆம் நூற்றாண்டில் கேரள நாட்டில் வாழ்ந்த மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி. நாராயணீயம் என்னும் பெருந்துதி நூலை இயற்றியவர் என்ற அளவில் அவரைத் தமிழ் மக்கள் நன்கு அறிவர். செங்காலிபுரம் அனந்தராம தீட்சிதரின் உபன்யாசங்களால் அந்நூல் தமிழ் இல்லங்கள்தோறும் பரவியது. பாராயணத்தின் பயனாக நோய் நீங்கும் என்ற நம்பிக்கையும் உடன் பரவியது. அந்த நூறு நாட்களையும் அவர் எவ்வாறு கழித்தார் என்பது, நாட்பட்ட நோவுடன் வாழ்வோர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய வரலாறு.

நிளா நதிக்கரையில் பிறந்த மேதை

பாரதப்புழை என்றும் நிளா என்றும் போற்றப்படுகின்ற நதியின் வடகரையில், திருநாவாய்த் தலத்துக்கு அருகிலுள்ள மேல்பத்தூர் இல்லத்தில் 1560-ஆம் ஆண்டில் நாராயணன் பிறந்தார் என்பர். தந்தையார் மாத்ருதத்தர் சாத்திரங்களில் வல்ல பேரறிஞர். தாயார் மீமாம்சை சாத்திரத்தில் புகழ்பெற்ற பையூர் குடும்பத்தில் தோன்றியவர். நாராயணன் தந்தையிடம் மீமாம்சையும், மாதவர் என்பாரிடம் வேதமும், தமையனார் தாமோதரரிடம் தர்க்கமும் பயின்றார்.

வியாகரணம் என்னும் இலக்கணக் கல்வியை அவருக்குப் புகட்டியவர் திருக்கண்டியூர் அச்சுத பிஷாரடி. அவர் இலக்கண ஆசிரியர் மட்டும் அல்லர். கேரளத்தின் கணித, வானியல் மரபில் ஜ்யேஷ்டதேவரின் மாணாக்கராக விளங்கியவர். கோள்களின் நிலையைத் துல்லியமாகக் கணிப்பதற்கு நூல் செய்தவர். இளமையில் கல்வியைப் பொருட்படுத்தாது திரிந்த நாராயணனை ஒரு நாள் அவர் கடிந்துகொண்டார் என்றும், அந்தக் கடுஞ்சொல்லே மாணாக்கரின் வாழ்வைத் திருப்பியது என்றும் மரபு கூறுகிறது.

குருவின் நோய் சீடர் உடலில்

காலப்போக்கில் அச்சுத பிஷாரடியைக் கடும் வாத நோய் பற்றியது. கை கால்கள் முடங்கின. எழுவதும் அமர்வதும் பிறர் துணையின்றி இயலாதனவாயின. தமக்கு அறிவுக் கண் திறந்த ஆசான் படுக்கையில் கிடந்து வருந்துவதைக் காணப் பொறுக்காத நாராயணன், குருதட்சிணையாக அந்நோயைத் தமக்கே தருமாறு வேண்டிப் பெற்றுக்கொண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. குரு நலம் பெற்றார். 1621-ஆம் ஆண்டு வரை அவர் வாழ்ந்தார். சீடரோ இருபத்தைந்து வயதைச் சற்றே கடந்த இளமையில் முடங்கிப் போனார்.

அன்பினால் ஏற்றுக்கொண்ட துன்பம் என்பதற்காக நோவு குறைந்து விடவில்லை. தியாகம் செய்த உடலுக்கும் இரவு நீண்டது. விடியற்காலையில் மூட்டுகள் இறுகின. பட்டத்திரியின் பெருமையைப் பேசுவோர் இதை மறத்தலாகாது. மகான்களுக்கு வலிப்பதில்லை என்று எண்ணினால் அவர்களுடைய வாழ்விலிருந்து நாம் கற்பதற்கு எதுவும் இராது.

மீனைத் தொட்டுத் தொடங்குமாறு வந்த அறிவுரை

நோய் நீங்க வழி யாது என்று அறிந்துவருமாறு, மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சனிடம் ஓர் ஆளை பட்டத்திரி அனுப்பினார். மீனைத் தொட்டுத் தொடங்க வேண்டும் என்பதே எழுத்தச்சன் தந்த மறுமொழி. சைவ உணவு நெறி தவறாத நம்பூதிரி இல்லத்தவர்க்கு இப்படியும் ஒரு மருந்தா என்று சுற்றியிருந்தோர் திகைத்தனர். பட்டத்திரி மட்டும் உட்பொருளை உணர்ந்தார். மச்சாவதாரம் முதலாகிய திருமாலின் அவதார லீலைகளைப் பாடுக என்பதே அக்குறிப்பு என்று கொண்டார். உடனே குருவாயூருக்குப் புறப்பட்டார்.

குருவும் வாயுவும் சேர்ந்து பிரதிஷ்டை செய்தமையால் குருவாயூர் எனப் பெயர் பெற்றது அத்தலம் என்பது புராண மரபு. வாயுவுக்கு வாதம் என்றும் பெயர் உண்டு. அதனால் அத்தலத்தை வாதாலயம் என்றும் வழங்குவர். வாத நோயாளர்கள் அங்கே பல நாட்கள் தங்கி பஜனம் இருப்பது வழக்கம். அதிகாலை மூன்று மணிக்கு நிர்மால்ய தரிசனம் முடிந்ததும் குருவாயூரப்பனுக்கு எண்ணெய்க் காப்பு நடைபெறும். பின்னர் வாகைப் பொடி சாத்துவர். திருமேனியில் பட்ட அந்த எண்ணெயை வாத நோய்க்கு அருமருந்தாகப் பக்தர்கள் பெற்றுச் செல்வர். அத்தகைய சந்நிதியில், பிறர் தாங்கிக் கொண்டுவர, பட்டத்திரி வந்து சேர்ந்தார். அவர் அமர்ந்து பாடிய திண்ணை அவ்வாலயத்துள் இன்றும் அன்பர்களுக்குக் காட்டப்படுகிறது.

நாளொன்றுக்கு ஒரு தசகம்

ஸ்ரீமத் பாகவதம் பன்னிரண்டு ஸ்கந்தங்களும் பதினெண்ணாயிரம் சுலோகங்களும் கொண்ட பெருங்கடல். அதைச் சுருக்கிப் பாடுவது என்பது நல்ல உடல்நிலை உடையவர்க்கே அரிய செயல். எழுதுகோல் பிடிக்கவும் கை ஒத்துழையாத ஒருவர் அதைத் தொடங்கினார். எப்படி முடிப்பது என்று அவர் மலைக்கவில்லை. நாளொன்றுக்குப் பத்து சுலோகம் கொண்ட ஒரு தசகம் என்று வரையறுத்துக்கொண்டார். சில நாட்களில் பத்துக்கு மேலும் அமைந்தன. நூறு நாட்களில் நூறு தசகங்கள். ஆயிரத்து முப்பதுக்கும் மேற்பட்ட சுலோகங்கள்.

இந்த வரையறையில்தான் அவருடைய ஞானம் விளங்குகிறது. நலமான ஒரு நாளில் நூறு சுலோகம் பாடிவிட்டு, அடுத்த பத்து நாட்கள் எழ முடியாமல் கிடக்கும் வழியை அவர் மேற்கொள்ளவில்லை. நோவு மிகுந்த நாள் என்று ஒன்றையும் அறவே விட்டுவிடவும் இல்லை. உடல் தாங்கும் அளவைத் தேர்ந்து, அந்த அளவை ஒவ்வொரு நாளும் காத்தார்.

ஒவ்வொரு தசகத்தின் அமைப்பையும் நோக்கினால் மேலும் ஓர் உண்மை புலப்படும். பத்து சுலோகங்களில் பெரும் பகுதி இறைவனுடைய பெருமைக்கே உரியது. பிரளய வெள்ளம், பிரகலாதனின் உறுதி, கோகுலத்துக் கண்ணனின் குறும்பு என்று பாட்டு விரிந்து செல்லும். பெரும்பாலான தசகங்களின் இறுதியில் மட்டும் குருவாயூரப்பனை நேரே விளித்து, தம் நோயைப் போக்கிக் காத்தருளுமாறு ஒரு விண்ணப்பம் இருக்கும். நோவை அவர் மறைக்கவில்லை. நாள்தோறும் அதற்கு ஓர் இடம் கொடுத்தார். ஆனால் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாளின் உறுதி

நோயில் கிடப்போர் பலருக்கும் நெஞ்சில் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. பூசையில் அமர்ந்தால் மனம் சுவாமியிடம் நிற்பதில்லை. இடுப்பிலும் முழங்காலிலும் போய் நிற்கிறது. நமக்குப் பக்தி குறைவோ என்று அஞ்சுவர். பட்டத்திரிக்கும் அந்த அச்சம் வந்தது. நோயினால் வாடிய தம் மனம் திருவடித் தொண்டில் ஒட்டாமல் போகின்றதே என்று மூன்றாம் தசகத்தில் அவர் வெளிப்படையாகவே முறையிடுகிறார். பிணியும் வருத்தமும் நீங்கினால் மற்ற அடியார்களைப் போலத் தாமும் திருநாமம் பாடித் திரியலாமே என்று ஏங்குகிறார்.

அதே தசகத்தின் நிறைவில் அவர் ஒரு முடிவுக்கு வருகிறார். பலவாறு புலம்புவதால் ஆவது ஒன்றும் இல்லை. இறைவனின் கருணை உதிக்கும் வரை புலம்பலை விடுத்து, அவன் திருவடி முன் வணக்கமும் துதியும் தொண்டும் தம் ஆற்றலுக்கு இயன்ற அளவில் செய்து நாட்களைக் கழிப்பது என்று உறுதி பூணுகிறார். எஞ்சிய தொண்ணூற்றேழு நாட்களுக்கும் அடித்தளம் அந்த உறுதியே. பூசைச் சங்கல்பத்தில் நாம் சொல்லுகின்ற யதாசக்தி என்ற சொல்லின் பொருளை அவர் வாழ்ந்து காட்டினார். கருணை எப்போது உதிக்கும் என்று அவர் நாள் குறிக்கவில்லை. அது உதிக்கும் வரை என்ன செய்வது என்பதை மட்டும் தீர்மானித்துக்கொண்டார்.

நூறாம் நாள் காட்சி

நூறாம் நாள் குருவாயூரப்பன் அவருக்குத் திருக்காட்சி நல்கினான். கண்ட அழகைத் திருமுடி முதல் திருவடி வரை வருணித்து அவர் இறுதித் தசகத்தைப் பாடி முடித்தபோது வாத நோய் முற்றும் நீங்கியது என்பது அடியார்களின் நம்பிக்கை. நூலின் நிறைவில் நீண்ட ஆயுளும் நோயின்மையும் நலமும் உண்டாகுக என்ற பொருளுடைய ஒரு சொற்றொடரை அவர் வைத்தார். எழுத்துகளுக்கு எண்மதிப்புத் தரும் கடபயாதி முறையில் அதைக் கணக்கிட்டால் 1712210 என்ற தொகை வரும். கலியுகம் தொடங்கிய நாள் முதல் நூல் நிறைவேறிய நாள் வரையிலான தினங்களின் எண்ணிக்கை அது. கொல்லம் ஆண்டு 762, விருச்சிக மாதம் 28-ஆம் நாளாகிய அந்த நன்னாள் 1586-ஆம் ஆண்டில் அமைந்தது. வானியல் வல்ல குருவின் மாணாக்கர், எல்லோருக்கும் நலம் வேண்டிய வாழ்த்துக்குள்ளேயே தம் விரதம் நிறைந்த நாளையும் பொதிந்து வைத்தார். விருச்சிக மாதத்து அந்நாள் இன்றும் குருவாயூரில் நாராயணீய தினமாகக் கொண்டாடப்படுகிறது.

நோய்க்குப் பின்னும் தொடர்ந்த தொண்டு

நலம் பெற்ற பின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. அம்பலப்புழை மன்னர் தேவநாராயணரின் வேண்டுகோளுக்கிணங்கப் பிரக்ரியா சர்வஸ்வம் என்னும் விரிவான இலக்கண நூலை இயற்றினார். சாக்கியார் கூத்துக்கு உரிய பிரபந்தங்கள் பல எழுதினார். மூக்கறுபட்ட சூர்ப்பணகை பேசுவதாக, மூக்கொலி எழுத்துகளையே தவிர்த்து இயற்றிய நிரனுநாசிகம், நோவில் உழன்ற அவ்வுள்ளத்தில் நகைச்சுவை வற்றவில்லை என்பதற்குச் சான்று.

புலமைச் செருக்கும் ஒரு முறை அவரைத் தீண்டியது. எளிய மலையாளத்தில் பாடிய பூந்தானம் நம்பூதிரியின் படைப்பைப் பார்த்துத் தர அவர் மறுத்தபோது, பட்டத்திரியின் இலக்கணத்தைவிடப் பூந்தானத்தின் பக்தியே தனக்கு உகந்தது என்று குருவாயூரப்பன் உணர்த்தினான் என்பர். அவரும் தம் பிழையை உணர்ந்து பணிந்தார். இறுதிக் காலத்தில் மூக்குதலை பகவதியின் சந்நிதியை அடைந்து, அன்னையின் திருவடிகள் மீது எழுபது சுலோகங்களால் ஸ்ரீபாத சப்ததியைப் பாடினார். ஒரு காலத்தில் தம் பாதங்களை ஊன்ற இயலாது வருந்தியவர், நிறைவாகப் பாடியது இறைவியின் பாதங்களையே. எண்பது வயதைக் கடந்து அவர் வாழ்ந்தார் என்பது மரபு.

நின்று நின்று செல்லும் ரதம்

பினாங்கில் 1894-ஆம் ஆண்டு முதல் ஓடுகின்ற நகரத்தார் வெள்ளி ரதம், தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து விடியற்காலையில் புறப்படும். தேங்காய் உடைக்கும் இடங்களிலும் அர்ச்சனைத் தட்டு நீட்டும் வாசல்களிலும் நின்று நின்றே அது நகரும். எனினும் தண்ணீர்மலைச் சாலை நகரத்தார் கோயிலைச் சென்றடையும்.

தீராத மூட்டுவலியோ முதுகுவலியோ உடையவர்க்கும் அதுவே வழி. மருத்துவர் தந்த மருந்தும் பயிற்சியும் ஒருபுறம் தவறாது நடக்கட்டும். மறுபுறம், நாளொன்றுக்கு ஒரு தசகம் போல, உடல் தாங்கும் அளவில் ஒரு தொண்டு நாள்தோறும் நடக்கட்டும். ஒரு பதிகம் ஓதலாம். பூ ஒரு சரம் தொடுக்கலாம். வீட்டு விளக்கை ஏற்றி ஐந்து நிமிடம் அமரலாம். நோவைச் சொல்லி வேண்டுவதற்கும் அதில் இடம் உண்டு. படியேற இயலாமல் அடிவாரத்திலேயே நின்று கைகூப்புகின்ற அடியார்களும், திண்ணையில் அமர்ந்தே கண்ணனைக் கண்ட பட்டத்திரியை நினைந்து மனம் தேறுவார்களாக. அவர்கள் இருக்கும் இடத்துக்கே இறையருள் இறங்கி வருவதாக.