அவர் பார்க்காத பாலம்

ஜொகூர் கடற்பாலம் 1924இல் திறக்கப்பட்டபோது, படகுகளுக்கு வழிவிட அதில் ஒரு தூக்குப் பாலமும் இருந்தது. 1942இல் போரில் அது அழிந்தது. அதைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் வில்லியம் ஷெர்சரை அறிந்தேன்.

1858இல் அமெரிக்காவில் பிறந்த அவர், சூரிச்சில் பொறியியல் படித்தார். அக்காலத்தில் சிகாகோ ஆற்றுக்குள் பெரிய ஏரிக் கப்பல்கள் வந்து போகும். பாலங்களோ நடு ஆற்றில் நின்ற தூணின் மேல் சுழன்று திறந்தன. அந்தத் தூணே கப்பல்களுக்குத் தடை. ஷெர்சர் பாலத்தை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அடியையும் ஆடும் நாற்காலியின் கால்போல் வளைத்தார். எதிர் எடையின் துணையால் அவை பின்னோக்கி உருண்டு மேலெழும். நடு ஆறு கப்பலுக்கு முழுதாகத் திறக்கும்.

1893இல், 35 வயதில் அவர் இறந்தார். காப்புரிமை அதன் பிறகே கிடைத்தது. தம்பி ஆல்பர்ட் பணியைத் தொடர்ந்தார். முதல் பாலம் 1895இல் திறந்தது. தமிழ்நாட்டில் 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியும் ஷெர்சர் முறைதான்.

மாணவர்களே, தொடங்கிய வேலையின் முடிவைப் பார்ப்பது நம் கையில் இல்லாமல் போகலாம். பிறர் தொடரும்படி அதைத் தெளிவாகச் செய்து வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.