கைகளே கருவி!

எண்ணூரிலே மின்கம்பி தொட்டுச் சாயும் தொழிலாளிக்கும், அமெரிக்கப் பேராசிரியர் ஒருவருக்கும் என்ன உறவு? உண்டு, தோழர்களே!

வில்லியம் கோவன்ஹோவன் மருத்துவரல்லர், மின்பொறியாளர். 1886இல் புரூக்ளினில் பிறந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். மின்கம்பம் ஏறிய தொழிலாளர் மின்சாரம் தாக்கி மடிந்துகொண்டிருந்த காலம் அது. நின்ற இதயத்தை மீட்பதெப்படி என்று 1920களிலே ஆராயத் தொடங்கினார். பணி ஓய்வுக்குப் பின்னும் ஆய்வுக்கூடத்தை விட்டாரில்லை.

1958இல், நாயின் மார்பிலே மின்கருவியை அழுத்தியபோது இரத்த அழுத்தம் உயர்வதை அவர் மாணவர் நிக்கர்பாக்கர் கண்டார். அறுவை மருத்துவர் ஜூட் துணைசேர்ந்தார். மார்பைப் பிளக்க வேண்டாம், வெறுங்கையால் அழுத்தியே குருதியை ஓட்டலாம் என்று 1960இல் மூவரும் அறிவித்தனர். அவர்கள் எடுத்துக்காட்டிய 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்தனர். 1969இல் அந்தப் பொறியாளருக்கு மருத்துவப் பட்டமளித்துப் பல்கலைக்கழகம் பெருமைகொண்டது. 1975இல் மறைந்தார்.

தொழிலாளிக்காகப் பிறந்த வித்தை தொழிலாளி கையிலே இருக்கிறதா? 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. பெட்டி சுவரிலே தொங்கினால் உயிர் திரும்புமா?

தோழன் சாய்ந்தால் முதலில் மின்சாரத்தைத் துண்டிப்போம். அசைவும் மூச்சும் இல்லையெனில் 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நடுமார்பிலே இரு கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டர் அமிழ, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவோம். வண்டி வரும்வரை நிறுத்தோம்.

ஒவ்வொரு ஷிப்டுக்கும் இப்பயிற்சி வேண்டுமென நிர்வாகத்தைக் கேட்போம். தருமட்டும் காத்திராமல், சங்கக் கூடத்திலேயே கற்போம்!