கச்சேரிக்குப் போன இடத்தில் கொலை... யார் இந்த சம்கிலா?

2024-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'அமர் சிங் சம்கிலா' படத்தை நம்ம ஏ.ஆர்.ரஹ்மானுக்காகவே பார்த்தவங்க உண்டு. இம்தியாஸ் அலி படத்தை ஆரம்பிப்பதே கொலையில்தான். நிஜக் கதையும் அதே அளவுக்கு பகீர்!

1960-ல் லூதியானா பக்கத்தில் இருக்கும் துக்ரியில், தலித் குடும்பத்தில் பிறந்தவர் சம்கிலா. நிஜப் பெயர் தனி ராம். துணி மில்லில் வேலை. பாட்டு ஆசையில் பாடகர் சுரிந்தர் ஷிண்டாவிடம் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பாட்டு எழுதிக் கொடுத்து, பிறகு தானே மேடை ஏறினார். கையில் ஒற்றைத் தந்தி தும்பி, பக்கத்தில் ஜோடிக்குரல் அமர்ஜோத். ஏற்கெனவே கல்யாணமாகி குழந்தைகள் இருந்தும், அமர்ஜோத்தையும் மணந்தார்.

குடி, கள்ளக்காதல்னு ஊர் கிசுகிசுக்கும் விஷயங்களை மைக்கில் பாடினார். ஆபாசம்னு திட்டினாங்க. கேசட் விற்பனை மட்டும் குறையவே இல்லை. சில பாட்டுகளில் பெண்களைப் பற்றி வரும் வரிகள் இன்னிக்குக் கேட்டாலும் நெருடும். படம் அதை லேசாகத் தொட்டுவிட்டு நகர்ந்துடுது.

அது பஞ்சாபில் துப்பாக்கிச் சத்தம் ஓயாத காலம். மிரட்டல் வந்ததும் பக்திப் பாட்டு பாடினார். அதுவும் ஹிட்! ஆனா, கச்சேரிக்கு வந்த கூட்டம் பழைய பாட்டைத்தான் கேட்டது.

1988 மார்ச் 8. மெஹ்சாம்பூரில் கச்சேரி. காரை விட்டு இறங்கியதுமே சுட்டாங்க. சம்கிலா, அமர்ஜோத், குழுவில் இன்னும் 2 பேர் இறந்தாங்க. சம்கிலாவுக்கு வயது 27.

தீவிரவாதிகளா, தொழில் போட்டியா, சாதி மாறிய கல்யாணமா? சந்தேகம் எல்லாப் பக்கமும் போனது. இன்னிவரைக்கும் ஒருத்தருக்கும் தண்டனை இல்லை.