நஷ்டத்தையும் கணக்கில் எழுதிய பாதுஷா

பாபர் பாதுஷாவின் பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் எவருமிலர். பானிபட் யுத்தத்தில் வென்றவர், மொகலாய ஆட்சிக்கு அடிகோலியவர் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லும். ஆனால் அதற்கு முன் அவர் எத்தனை முறை தோற்றார் என்பது பலருக்குத் தெரியாது. ஏற்றமும் இறக்கமும் மாறி மாறிக் காணும் வியாபாரிகளாகிய நாம் அறிய வேண்டியது அந்தப் பகுதியைத்தான்.

பாபர் 1483-ஆம் ஆண்டு மத்திய ஆசியாவில், பர்கானா என்னும் சிறிய ராஜ்யத்தின் அந்திஜான் நகரில் பிறந்தார். தகப்பனார் தைமூர் வம்சத்தவர். தாயார் செங்கிஸ்கான் வழி வந்தவர். 1494-இல் பள்ளத்தின் ஓரத்தில் கட்டியிருந்த புறா மாடம் சரிந்து விழுந்து தகப்பனார் மௌத்தானார். அப்போது பாபருக்கு வயது 11. பெரிய குடும்பத்தில் தகப்பன் போனால் நடப்பது அங்கும் நடந்தது. உறவினர்களே நாலா புறமும் ராஜ்யத்தைப் பிடுங்க வந்தார்கள்.

அவருடைய ஆசை முழுவதும் சமர்கந்தின் மேல் இருந்தது. தைமூரின் தலைநகர் அது. ஏழு மாதம் முற்றுகையிட்டு 1497-இல் அதைப் பிடித்தார். ஆனால் முற்றுகையில் ஊரே வறண்டு கிடந்தது. போர்வீரர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. அவர்கள் ஒவ்வொருவராக நழுவிப் போனார்கள். இதற்கிடையில் சொந்த ஊராகிய அந்திஜானில் சிலர் அவருடைய தம்பியை முன் நிறுத்திக் கலகம் செய்தார்கள். பாபர் நோயில் படுத்தார். எழுந்து ஊரைக் காக்கப் புறப்பட்டார். போய்ச் சேருமுன் அந்திஜான் கைமாறிவிட்டது. விட்டு வந்த சமர்கந்தும் போயிற்று. அதை அவர் ஆண்டது சுமார் 100 நாள். பட்டணத்தில் கிளைக் கடை திறக்கப் போய், ஊர்க் கடையையும் பறிகொடுத்தவன் கதைதான் இது.

அவர் ஓயவில்லை. 1500-இல் வெறும் 240 ஆட்களோடு இரவில் ஏணி வைத்து மதிலேறி, உஸ்பெக் தலைவன் ஷைபானி கானிடமிருந்து சமர்கந்தை மீட்டார். அடுத்த ஆண்டு சாரெபுல் என்னுமிடத்தில் இருவரும் மோதினார்கள். இரண்டொரு நாள் பொறுத்திருந்தால் அவருக்கு உதவிப் படை வந்து சேர்ந்திருக்கும். நட்சத்திரம் அன்று சாதகமாயிருக்கிறது என்று நம்பி அவசரப்பட்டார். உஸ்பெக்குகள் இரு பக்கமும் சுற்றி வளைத்துப் பின்னாலிருந்து தாக்கினார்கள். படை சிதறியது. நகரத்துக்குள் அடைபட்டு மாதக்கணக்கில் பசி கிடந்து, கடைசியில் ஓர் இரவில் வெளியேறினார். அக்காள் கான்ஸாதா பேகம் பகைவனிடம் சிக்கி அவனுக்கே மனைவியானார். அவர் திரும்பி வர ஏறக்குறைய பத்து வருஷம் ஆயிற்று. ஒருவர் அவசரப்பட்டால் விலை கொடுப்பது அவர் மட்டுமல்ல. வீட்டாரும் சேர்ந்து கொடுக்கிறார்கள்.

அதன்பின் மாமன் வீட்டில் ஒண்டியும், மலைக்கிராமத்தில் வெறுங்காலோடு நடந்தும் நாட்களைக் கழித்தார். 1504-இல் பர்கானாவை விட்டுப் புறப்பட்டபோது கூட வந்தவர் 300 பேருக்கு மேலில்லை. பலர் கையில் தடிதான் ஆயுதம். கூடாரம் இரண்டே. தம்முடையதைத் தாயாருக்குக் கொடுத்துவிட்டார். அப்படிப் புறப்பட்டவர்தான் பிறகு காபூலைப் பிடித்தார். பாரசீக மன்னர் ஷா இஸ்மாயீலின் துணையோடு 1511-இல் மூன்றாம் முறை சமர்கந்தில் நுழைந்தார். அடுத்த ஆண்டே அதையும் இழந்தார்.

மூன்று முறை பிடித்து மூன்று முறையும் இழந்தவர் என்ன கற்றார் என்பதை 1526-இல் உலகம் கண்டது. ஹிந்துஸ்தானத்துக்குள் இறங்கியபோது அவரோடு வந்தவர்கள் எல்லாரையும் சேர்த்து 12,000 பேர். எதிரில் சுல்தான் இப்ராஹீம் லோடியிடம் ஒரு லட்சம் பேரும் ஏறத்தாழ 1,000 யானையும் இருந்ததாக அவர் கணக்கிட்டார். இம்முறை அவர் அவசரப்படவில்லை. 700 வண்டிகளைத் தோல் கயிற்றால் பிணைத்து அரண் செய்தார். பீரங்கிக்கு உஸ்தாது அலி குலியை வைத்தார். பானிபட்டில் ஒரு வாரத்துக்கு மேல் பொறுத்திருந்தார். ஏப்ரல் 21 அன்று எதிரி வந்து மோதியதும், இரு பக்கமும் சுற்றி வளைத்துப் பின்னாலிருந்து தாக்கச் செய்தார். சாரெபுல்லில் தம்மைத் தோற்கடித்த அதே தந்திரம்! 25 வருஷத்துக்கு முன் நஷ்டத்தில் வாங்கிய சரக்கு அன்று லாபத்துக்கு விலைபோயிற்று. நண்பகலுக்குள் யுத்தம் முடிந்தது. ஆக்ராவின் பொக்கிஷம் கிடைத்ததும் போர்வீரருக்கும் உறவினருக்கும் அள்ளிக் கொடுத்தார். காபூலில் ஆண், பெண், குழந்தை ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளிக்காசு அனுப்பினார். வெறுங்கையோடு நின்ற 1497-ஐ அவர் மறக்கவில்லை.

1530-இல் ஆக்ராவில் காலமானார். பிற்காலத்தில் அவருடைய உடல் அவர் விரும்பிய காபூலுக்குக் கொண்டுபோய் அடக்கப்பட்டது. வெளியூரிலிருந்து வந்த முலாம்பழத்தை அறுக்கும்போது ஊர் நினைவில் கண்கலங்கியவர் அவர். சமர்கந்து கடைசிவரை கிடைக்கவில்லை. எல்லா நஷ்டமும் ஈடாகிவிடும் என்று எவரும் சொல்ல முடியாது.

அவர் துருக்கி மொழியில் எழுதி வைத்த சுயசரிதை இன்றும் இருக்கிறது. அதில் வெற்றிகளோடு தம் தவறுகளையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நட்சத்திரத்தை நம்பி அவசரப்பட்டது வீண் என்பதையும் எழுதியிருக்கிறார்.

சகோதரர்களே! தோல்வி தானாக ஒருவனை வளர்த்துவிடாது. முதல் தோல்விக்குப் பின்னும் பாபர் இரண்டாவது தவறைச் செய்தாரே! நஷ்டம் வந்தால் சந்தையையும் காலத்தையும் கூட்டாளியையும் குறை சொல்லிப் பேரேட்டை மூடிவிடுவது எளிது. எந்த இடத்தில், எந்த நாளில், நாம் செய்த எந்தக் காரியத்தால் பணம் போயிற்று என்று ஒரு வரி எழுதி வைப்பது கடினம். அந்த வரியை எழுதியவனுக்கு நஷ்டத்தில் பாதி முதலாகத் திரும்பி வருகிறது.