கைகளால் கற்ற கோவை மேதை

துவாரகாவின் அகன்ற வீதிகளில் மாலை வேளையில் நடந்து செல்லும் நம் மாணவ நண்பர்கள் எண்ணற்ற கார்களைக் காணலாம். ஆனால் கார்புரேட்டர் பொருத்திய பழைய கார் ஒன்றைக் காண்பது அரிது. தீப்பொறி எப்போது எழ வேண்டும், பெட்ரோல் எவ்வளவு சேர வேண்டும் என்பதையெல்லாம் இன்று வண்டிக்குள் இருக்கும் கணிப்பொறியே முடிவு செய்கிறது. முன்னாளில் அவ்வேலையை மனிதனின் கண்ணும் செவியும் கையுமே செய்தன. அந்தக் கல்வியைத் தாமே பயின்று உயர்ந்த பெருமகனார் ஒருவரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். அவரே கோவை ஜி. டி. நாயுடு.

1893ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் ஒட்டவில்லை. அது தொடக்க வகுப்புகளோடு நின்றது. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் அவ்வண்டி அந்த இளைஞரின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. கோவைக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு அதே வண்டியை வாங்கினார். வாங்கியபின் அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார்.

அவ்வாறு கழற்றிப் பூட்டுகிறவன் கற்பது என்ன? பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்பே தீப்பொறி எழ வேண்டும்; ஏனெனில், பெட்ரோல் எரிந்து பரவச் சிறிது நேரம் தேவை. பொறி மிக முந்தினால் எஞ்சின் தட்டும். பிந்தினால் வலுவிழந்து சூடேறும். வேகம் கூடக் கூடப் பொறியும் முந்த வேண்டும். அக்காலத்து வண்டிகள் பலவற்றில் ஓட்டுநரே ஒரு சிறு நெம்புகோலால் இதனைச் செய்தார். டைமிங்கைச் சரிசெய்த பிறகுதான் ஐடிலிங்கைத் தொட வேண்டும். டைமிங் மாறினால் நின்றோடும் வேகமும் மாறிவிடும். எஞ்சின் நன்றாகச் சூடானபின், காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவைக் குறிக்கும் திருகையும் வேகத் திருகையும் மாறி மாறி மெல்லத் திருப்பி, ஓசை ஒரே சீராக வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த இடத்தை அறிய வல்லது பழகிய செவி ஒன்றே.

1920இல் நாயுடு ஒரே ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டியே யு. எம். எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. பின்னர் சவரக் கருவி, மின் மோட்டார் என அவர் முயற்சிகள் பெருகின. 1952இல் இருவர் அமரும் சிறு பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார்; அரசின் உரிமம் கிட்டாமையால் அது பெருக வழியின்றிப் போயிற்று.

1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி தோன்ற அவரே முன்னின்றார். இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அதன் வளர்ச்சியே. ஆயினும் பொறியியல் கற்க நான்காண்டு வேண்டியதில்லை, பட்டறையில் கை வைத்துப் பயின்றால் இரண்டாண்டே போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதனை ஏற்கவில்லை. அவர் தலைமைப் பொறுப்பைத் துறந்தார்.

அவர் கொள்கை முற்றும் சரியா? கணக்கும் இயற்பியலும் அறியாமல் இன்றைய எஞ்சினை வடிவமைக்க இயலாது. அதற்கு ஆண்டுகள் வேண்டும். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நம்மை விடவில்லை. நான்காண்டு முடித்துப் பட்டம் பெறும் நம்மில் எத்தனை பேர் ஓர் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியிருக்கிறோம்?

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் நாயுடு மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய ஜி. டி. கார் அருங்காட்சியகம் 2015இல் கோவையில் திறக்கப்பட்டது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே! அங்குள்ள பழைய கார்களை ஒருமுறை சென்று காணுங்கள். திரும்பி வந்ததும், விடுதி வாயிலில் பழுதாகி நிற்கும் நம் வண்டிகளைப் பிறரிடம் கொடுக்குமுன், ஒரு திருப்புளியை நாமே கையில் எடுத்துப் பார்ப்போம்.