மாத்தியூ லூயிஸ்

இவர் 1775-இல் இலண்டன் மாநகரிற் பிறந்தவர். 1794-இல், ஹாலந்து தேசத்து ஹேக் நகரில், ஆங்கிலத் தூதரிடம் அலுவல் பார்த்துச் சலிப்புற்றிருந்தபோது, ஆன் ராட்கிளிப் அம்மையாரின் நாவலொன்றைப் படித்தார். அத்தூண்டுதலால் பத்தே வாரங்களில் 'துறவி' என்னும் நாவலை எழுதி முடித்தார். அப்பொழுது வயது 19.

அம்மையார் கதைகளிற் பேயெனத் தோன்றுவன இறுதியில் இயற்கை நிகழ்ச்சிகளென விளங்கிவிடும். லூயிஸ் கதையிலோ பேய் பேயே. மடத்துத் துறவியை மயக்கும் மங்கையும் மெய்யாகவே சாத்தானின் ஏவலாள். காமமும் அச்சமும் பின்னிய அந்நூல் 1796-இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்து நன்கு விலைபோயிற்று. அவ்வாண்டே பார்லிமெண்டு அங்கத்தினரான லூயிஸ், இரண்டாம் பதிப்பில் தம் பெயரோடு அப்பதவியையும் பொறித்துக்கொண்டார். கண்டனம் மூண்டதற்கு நூலைப் போலவே இச்செருக்கும் காரணமென நாம் எண்ணுகின்றோம். கவிஞர் கோல்ரிட்ஜ் 1797-இல் கடிந்தெழுதினார். 1798-ஆம் ஆண்டுப் பதிப்பிற் காமப் பகுதிகளை லூயிஸ் தாமே களைந்தார். ஆயினும் 'துறவி லூயிஸ்' என்னும் பெயர் அவரை விட்டு நீங்கவில்லை.

1812-இல் தந்தையார் இறக்க, ஜமெய்க்காத் தீவின் கரும்புத் தோட்டங்களும் அடிமைகளும் இவர் வசமாயின. இருமுறை அங்குச் சென்று, சவுக்கடியை விலக்கினார், விடுதலை அளித்தாரல்லர். 1818-இல் திரும்பும் வழியில் மஞ்சட் காய்ச்சலாற் கப்பலிலேயே இறந்தார். அவரது ஜமெய்க்கா நாட்குறிப்பு 1834-இல் அச்சேறியது. அதனை மனமுவந்து பாராட்டியவருள் கோல்ரிட்ஜும் ஒருவர்.