ஒற்றைக் கை விஞ்ஞானி

லேபில் ஒரு கையால் பியூரெட்டைத் திருகி, இன்னொரு கையால் குடுவையைச் சுழற்றுகிறோம். இரண்டு கை இருந்தும் நமக்கு எண்ட் பாயிண்ட் தாண்டிப் போயிடுது! ஒரே கையோடு நோபல் பரிசு வரை போனவர் ஜேம்ஸ் சம்னர்.

1887-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். 17 வயதில் வேட்டைக்குப் போனபோது, கூட வந்தவர் சுட்ட குண்டு தவறுதலாக இவர் இடது கையில் பாய்ந்தது. முழங்கைக்குக் கீழே கையையே எடுத்துவிட்டார்கள். அவரோ இடது கைப் பழக்கக்காரர்! எழுதுவது முதல் எல்லாவற்றையும் வலது கையால் புதிதாகப் பழகினார். டென்னிஸ்கூட ஆடினார்.

ஹார்வர்டில் பேராசிரியர் ஃபோலின், ஒரு கையோடு வேதியியலில் முன்னேற முடியாது, சட்டம் படிக்கப் போ என்று புத்தி சொன்னார். சம்னர் கேட்கவில்லை. அதே ஃபோலினிடம் ஆராய்ச்சி செய்து 1914-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்த ஆண்டே கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலையில் சேர்ந்தார்.

என்சைம் என்பது என்ன பொருள் என்று அப்போது யாருக்கும் நிச்சயமில்லை. யூரியாவைச் சிதைத்து அம்மோனியா தரும் யூரியேஸ் என்சைமைத் தனியே பிரிக்க 1917-ல் இறங்கினார். மூலப்பொருள் ஜாக் பீன். நம்மூர் தம்பட்டங்காய்க்குச் சொந்தமான அவரை. பாடம் நடத்தும் வேலை அதிகம். பணமும் கருவியும் கம்மி. ஒன்பது வருஷம் ஓடியது. 1926-ல் அவரை மாவை அசிட்டோன் கலந்த நீரில் ஊறவைத்து வடிகட்டி, ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்தார். காலையில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், குட்டிக் குட்டிப் படிகங்கள்! சோதித்ததில் அது புரதம். யூரியேஸ் வேலையும் செய்தது.

உலகம் நம்பியதா? இல்லை. நோபல் பரிசு பெற்ற ஜெர்மானியர் வில்ஸ்டேட்டரின் அணி, புரதம் வெறும் சுமைதாங்கி, என்சைம் வேறு என்றது. சம்னர் விடாமல் சோதனை மேல் சோதனையாக வெளியிட்டார். 1930-ல் நார்த்ராப் பெப்சினைப் படிகமாக்கியதும் காற்று திரும்பியது. 1946-ல் வேதியியல் நோபல் பரிசில் பாதி சம்னருக்கு. மீதி நார்த்ராப், ஸ்டான்லி இருவருக்கும். 1955-ல் காலமானார்.

கதை அதோடு முடியவில்லை. 1975-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதே அவரை யூரியேஸுக்குள் நிக்கல் இருப்பதைக் கண்டார்கள். வினை நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிக்கல் அயனிகள். அவற்றை எடுத்துவிட்டால் புரதம் இருக்கும், வேலை நடக்காது. நம் எச்சிலில் உள்ள அமைலேஸில் கால்சியம் அயனிக்கு வேறு வேலை: புரதத்தின் மடிப்பு கலையாமல் பிடித்துவைக்கிறது. அதை எடுத்தால் என்சைம் சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும்.

தன் படிகத்துக்குள் உலோகம் ஒளிந்திருந்தது சம்னருக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் அந்தப் படிகம் இல்லாவிட்டால் நிக்கலை எதில் தேடுவது?

உனக்கெதுக்கு இந்தப் படிப்பு என்று நம்மிடமும் சொல்லியிருப்பார்கள். பதில் சொல்ல வேண்டாம் நண்பர்களே, சம்னரைப் போல லேபுக்குப் போவோம்!